சுமை ஏறினால் நிற்கிற வண்டி

தீர்த்தம்மாளின் மின்சார லோடு ஆட்டோவைக் கயிறு கட்டி இழுத்துவந்து யுவராணியின் பட்டறை வாசலில் விட்டபோது காலை ஒன்பது மணி இருக்கும். பின்னால் அலுமினிய அண்டாக்களும் எவர்சில்வர் குடங்களும் வலைக்குள் அடைபட்டுக் கிடந்தன. தீர்த்தம்மாள் சந்தை சந்தையாகப் போய்ப் பாத்திரம் விற்பவர். நாற்பத்தைந்து வயதில் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டு, இரண்டு வருடமாகத் தனியாளாய்த் தொழில் செய்கிறார்.

"கம்பைநல்லூர்ல இருந்து வரேன் கண்ணு. மேடு ஏறும்போது ஒரு உதறு உதறுச்சு, டப்புனு நின்னுபோச்சு. வாங்குன எடத்துக்கு போன் போட்டா, கன்ட்ரோலர் போயிருக்கும், புதுசு வர மூணு வாரம் ஆகுங்கறாங்க. நாளைக்கு இங்க காரிமங்கலத்துல சந்தை. நான் என்னா பண்றது?"

"பாக்கலாங்க்கா. உக்காருங்க."

யுவராணி சாதாரணமாகத்தான் சொன்னாள். உள்ளுக்குள் தயக்கம் இருந்தது. ஓசூரில் ஒரு கம்பெனியில் ஆறு வருடம் யுவராணி பார்த்த வேலை, பச்சை நிறப் பலகை ஒன்றில் அதே நான்கு புள்ளிகளுக்கு ஈயம் வைப்பது. வைத்ததும் பலகை அடுத்த ஆளிடம் நகர்ந்துவிடும். அது எந்த இயந்திரத்துக்குள் போகிறது, என்ன செய்கிறது என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. குழந்தை பிறந்த பிறகு கணவனின் ஊரான காரிமங்கலத்துக்கே வந்து இந்தப் பட்டறையைத் திறந்தாள். சார்ஜர், பேட்டரி எல்லாம் கைக்குப் பழகிவிட்டன. ஆனால் மோட்டாரை ஆட்டிவைக்கும் கன்ட்ரோலரை இதுவரை கழற்றி மாட்டியிருக்கிறாளே தவிர, திறந்து பழுது பார்த்ததில்லை.

சரக்கை இறக்கிவிட்டு, பேட்டரி இணைப்பைப் பிடுங்கினாள். கன்ட்ரோலரிலிருந்து மோட்டாருக்குப் போகும் மூன்று தடித்த வயர்களை மல்டிமீட்டரால் ஒவ்வொன்றாகத் தொட்டாள். மஞ்சள் சரியாக இருந்தது. நீலமும் அப்படியே. பச்சையில் வைத்ததும் மீட்டர் விடாமல் கத்தியது.

"என்னா கண்ணு, இப்படிக் கூவுது?"

"இந்த வழி மட்டும் உள்ள ஒட்டிக்கிச்சுங்க்கா. மத்த ரெண்டும் நல்லா இருக்குது."

மூடியைத் திறந்ததும் கருகல் நெடி அடித்தது. வரிசையாக நின்ற மாஸ்பெட்டுகளில் இரண்டு வெடித்திருந்தன. விரல் நுனி அளவே உள்ள கறுப்புச் சில்லுகள், அவ்வளவு பெரிய வண்டிக்குப் போகும் மின்சாரத்தைத் திறந்து மூடுபவை அவைதான். பச்சை வயரின் வரிசையில் இருந்த அத்தனையையும் எடுத்துவிட்டுப் புதியவற்றை வைத்து ஈயம் போட்டாள். ஆறு வருடப் பழக்கம்.

பேட்டரியை நேரடியாகக் கொடுக்காமல், இடையில் நான்கு ஹெட்லைட் பல்புகளைக் கோத்துக் கொடுத்தாள். உள்ளே இன்னும் கோளாறு இருந்தால் பல்புகள் பளீரென்று எரியும். அவை ஒரு கணம் மினுங்கி அணைந்தன. பிறகு பல்பை எடுத்துவிட்டு ஆக்சிலேட்டரை மெல்லத் திருகினாள். ஜாக்கியில் நின்ற பின்சக்கரம் சத்தமில்லாமல் சுற்றியது.

தீர்த்தம்மாள் எழுந்தே விட்டார். "ஓடுதே! குடு கண்ணு, கெளம்பறேன்."

யுவராணி நகரவில்லை. நல்ல சில்லு தானாக வெடிக்காது. "அக்கா, நிக்கறதுக்கு முன்னாடி எப்பயாச்சும் உதறுச்சா?"

"ஒரு மாசமாவே உதறும். ஆனா சரக்கு ஏத்துனாதான். காலியா போனா பூ மாதிரி போவும்."

"அப்ப சரக்க ஏத்துங்க. நான் அடியில படுத்துப் பாக்கறேன்."

"இப்பத்தான எறக்குனோம்?"

"இப்படியே குடுத்தா மறுபடி அதே மேட்டுல நிப்பீங்க."

யுவராணி ஜாக்கியை இறக்கியதும், தீர்த்தம்மாள் முணுமுணுத்துக்கொண்டே அண்டாக்களை ஏற்றினார். கனம் கூடக்கூட வண்டியின் பின்பக்கம் தாழ்ந்தது. டார்ச்சுடன் கீழே படுத்திருந்த யுவராணி கண்ணை எடுக்கவில்லை. கடைசி அண்டா ஏறியபோது, மோட்டாரிலிருந்து வரும் மெல்லிய சென்சார் வயர்க் கட்டு ஓர் இரும்புப் பட்டையில் போய் அழுந்தியது. அந்த இடத்தில் தோல் உரிந்து செம்பு தெரிந்தது. மோட்டார் எந்த நிலையில் சுற்றுகிறது என்று கன்ட்ரோலருக்குச் சொல்லும் வயர் அது. சுமை ஏறினால் தப்பாகச் சொல்லியிருக்கிறது. கன்ட்ரோலர் அதை நம்பித் தப்பான நேரத்தில் மின்சாரத்தைத் தள்ளி, தானே கருகியிருக்கிறது.

"கெடச்சிருச்சுங்க்கா!" என்று அடியிலிருந்தே கத்தினாள்.

அறுந்த இழைகளை ஒட்டி, உறை போட்டு, வயர்க் கட்டை வேறு பக்கமாக வளைத்துக் கட்ட முக்கால் மணி நேரம் ஆனது. பிறகு முழுச் சரக்கோடு ஏரிக்கரை மேட்டுக்கு யுவராணியே வண்டியை ஓட்டினாள். தீர்த்தம்மாள் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து, கம்பியை இறுகப் பிடித்திருந்தார். மேட்டின் பாதியில் யுவராணி ஆக்சிலேட்டரை இன்னும் கொஞ்சம் திருகினாள். உதறல் இல்லை. குடங்கள் மட்டும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன.

தான் வைத்த ஈயத்தின் வழியாக ஒரு வண்டி மேடு ஏறுவதை யுவராணி வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்த்தாள். சிரிப்பை அடக்க முடியவில்லை.

"எதுக்கு கண்ணு சிரிக்கற?"

"ஒண்ணுமில்லீங்க்கா. நல்லா ஏறுது."

உச்சிக்கு வந்ததும் திருப்பப் போனவளைத் தீர்த்தம்மாள் தடுத்தார். "இரு இரு. அந்தாண்ட டீக்கடை இருக்குது, போண்டா நல்லா இருக்கும். அதுவரைக்கும் நீயே ஓட்டு."