எனக்கு முன்னால் ஐந்து பேர்

...அறுபது விநாடிதான், அறுபது விநாடியில் என்னத்தைச் சொல்லிக் கிழிப்பது, அன்னமலர் என்று சொன்னால் இவர்கள் இரண்டாம் தரம் கேட்பார்கள், அதிலேயே பத்து விநாடி போய்விடும், பெயரை விட்டுவிட்டு நேரே விஷயத்துக்குப் போ என்று என் கணவர் யோசேப் சொன்னார், சொல்லுவார்தானே, அவர் கீழே காருக்குள் சாய்ந்துகொண்டு ரேடியோ கேட்கிறார், மைக்குக்கு முன்னால் நிற்கப் போவது நான். எனக்கு முன்னால் ஐந்து பேர். ஐந்தா, ஆறா? அந்தத் தாடிக்காரப் பையன் வரிசையில் நிற்கிறானா, சும்மா சுவரில் சாய்ந்திருக்கிறானா? எல்லாரும் ஜீன்சும் டீ-ஷர்ட்டுமாக வந்திருக்கிறார்கள், நான் ஒருத்திதான் வேலைக்கு இன்டர்வியூவுக்கு வந்தவள் மாதிரிக் கோட்டும் காற்சட்டையும். பரமட்டாவில் இந்தக் கிளப்பின் மேல்மாடியில் மாதத்துக்கு ஒருநாள் புதுக் கம்பெனிக்காரர் கூடுவார்கள், ஆளுக்கு ஒரு நிமிஷம் மைக்கில் தன் கம்பெனியைப் பற்றிச் சொல்லலாம், மற்ற நேரம் கையில் கிளாஸை வைத்துக்கொண்டு சிரிக்க வேண்டும், சிரித்து முடிந்ததும் கார்டைக் கொடுக்க வேண்டும். கார்டு ஐந்நூறு அடித்தேன். இன்றைக்குக் கொடுத்தது இரண்டு, அதில் ஒன்று கோட்டு வாங்கி வைக்கிற பெண்ணுக்கு. அவள்தான் பாவம் கேட்டாள்.

முதல் வசனம் என்ன... முதியோர் இல்லத்தில் வேலை செய்கிற ஒருவருக்குக் காலை ஐந்து மணிக்குக் காய்ச்சல் வந்தால்... ஆம், அதுதான். மேனேஜர் இருபது பேருக்கு ஒவ்வொருவராகப் போன் எடுப்பாள், என்னுடைய புரோகிராம் இருபது பேருக்கும் ஒரே நேரத்தில் குறுஞ்செய்தி அனுப்பும், முதலில் ஓம் என்று பதில் போடுகிறவருக்கு அந்த ஷிப்ட். இவ்வளவுதான் விஷயம். அக்கா வேலை செய்கிற முதியோர் இல்லத்தில் பெப்ரவரியில் இருந்து ஓடுகிறது, பக்கத்து இல்லத்துக்காரரும் வந்து கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள், பிழை ஒன்றும் இல்லை, நல்ல சாமான் என்று எனக்கே தெரியும். பிறகு ஏன் நாக்கு இப்படி ஒட்டிக்கொள்கிறது? ஒன்பது வருஷம் வங்கியில் புரோகிராம் எழுதினேன், ஊரெல்லாம் ஆட்களை வீட்டுக்கு அனுப்புகிற இந்த 2009-இல், நானாகவே ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டு வந்தேன். உனக்கு விசரா என்று அக்கா கேட்டாள். யோசேப், ஜூன் வரைக்கும் பார், சரிவராவிட்டால் திரும்ப வேலைக்குப் போ என்றார். இது ஏப்ரல். முன் வரிசையில் நரைத்த தலையோடு இருக்கிற அந்த மனுசி மெல்போர்னில் இருந்து வந்திருக்கிறா, பிடித்த கம்பெனியில் முதல் போடுகிறவ, மைக்கில் பேசியவர்களோடு மட்டும் அரை மணி நேரம் இருந்து கதைத்துவிட்டு விமானத்துக்குப் போய்விடுவா, இனி ஆகஸ்டில்தான் வருவா. ஆகஸ்டில் நான் எங்கே இருப்பேன்? வேறு ஏதாவது ஒரு வங்கியில்.

மூன்று பேர். தாடிக்காரன் பேசிவிட்டான், காசுக்கு நாய்களை உலாத்தக் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு ஏதோ வெப்சைட், எல்லாரும் கை தட்டினார்கள், நாய்க்கே தட்டினால் எனக்கும் தட்ட மாட்டார்களா... உள்ளங்கை வேர்த்துக் கொட்டுகிறது, காற்சட்டையில் துடைத்தால் தெரியுமா? யாரோ தோளில் தட்டுகிறார்கள். "எடி பிள்ளை, நீயும் இஞ்சயோ?" செல்வரட்ணம் அங்கிள்! தேவாலயத்தில் தமிழ்ப் பூசையில் வாசகம் வாசிக்கிற அங்கிள், மன்னாரில் என் அப்பாவுக்குப் பழக்கமானவர், தண்ணீர் வாரியத்தில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். பென்ஷன்கார மேசன், பிளம்பர் எல்லாரையும் வீடுகளோடு இணைத்துவிடுகிற வெப்சைட் ஒன்று செய்கிறாராம். "எனக்கென்ன பிள்ளை, பொழுது போகுது, வாற மாசமும் வருவன்." இங்கே பார்த்த முதல் தெரிந்த முகம், அதைக் கண்டதும் நெஞ்சுக்குள் அப்படி ஒரு ஆறுதல். ஏன் அவ்வளவு ஆறுதல்? நல்ல மனிதர்தான், ஆனால் கோயிலில் கண்டால் ஒதுங்கிப் போகிறவள் நான், நின்றால் விடமாட்டார். இன்றைக்கு அவருடைய ஸ்வெட்டரைப் பிடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

இரண்டு. ஒன்று. முன்னால் நின்ற சீனப் பெண் பேசி முடித்துவிட்டாள், கூட்டத்தை நடத்தி மணி அடிக்கிற பிரட் என்ற பையன் கடிகாரத்தைப் பார்க்கிறான், மன்னிக்க வேண்டும், இன்னும் ஒரே ஒருவருக்குத்தான் நேரம் என்கிறான், என்னைப் பார்த்துக் கையை நீட்டுகிறான், என்னைத்தான், நேரே என்னைத்தான், காய்ச்சல், காலை ஐந்து மணி, இருபது பேர்... நான் திரும்பினேன். "அங்கிள், நீங்கள் போங்கோ." அவர் திடுக்கிட்டுப் போனார். "சீச்சீ, உன்ரை முறையல்லோ, நீ போ." "இல்லை அங்கிள், நீங்கள் பின்னால நிக்க நான் என்னெண்டு போறது, அது சரியில்லை." "விசர்க்கதை கதைக்காதை பிள்ளை, நான் அடுத்த மாசம்..." "போங்கோ அங்கிள், பிளீஸ்." கலியாண வீட்டில் சாப்பாட்டு வரிசையில் செய்வதுபோலவே அவருடைய முழங்கையைப் பிடித்து முன்னால் தள்ளிவிட்டேன். பிரட்டுக்கு ஒன்றும் விளங்கவில்லை, சிரித்துக்கொண்டு மைக்கை அவரிடம் கொடுத்துவிட்டான்.

நன்றாகத்தான் பேசினார். ஒரு நிமிஷம் இரண்டரை ஆனது, மணி அடித்தும் நிறுத்தவில்லை, தன்னுடைய குளியலறைக் குழாயைத் தானே திருத்தப்போய் மனைவியிடம் பேச்சு வாங்கிய கதையைச் சொன்னார், முன் வரிசை மெல்போர்ன் மனுசியும் சிரித்தா, எனக்கும் சிரிப்பு வந்தது, கை வேர்வை எப்போது நின்றது என்று தெரியாது, வயிறு லேசாக, பசிக்கக்கூடச் செய்தது. அங்கிள் இறங்கி வந்து என் கையைப் பிடித்தார். "வா பிள்ளை, என்னை மேசைக்குக் கூப்பிடுகினம், நீயும் வா, இவவின்ரை விஷயத்தையும் கேளுங்கோ எண்டு நானே சொல்லிவிடுறன்." கேட்டதும் திரும்ப வேர்த்தது. "இல்லை அங்கிள், அவர் கீழ கார்ல நிண்டுகொண்டிருக்கிறார், பாவம், பசியோட." யோசேப் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தார். அங்கிள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார், பிறகு சரி போயிட்டு வா என்று போய்விட்டார். நான் வாசலில் கொடுத்து வைத்த குளிர்க் கோட்டை எடுத்துக்கொண்டு படியில் இறங்குகிறேன், பாதிப் படியில் நிற்கிறேன், என்ன நடந்தது என்று கேட்டால் யோசேப்பிடம் என்ன சொல்லுவது... என் முறை வந்ததப்பா, ஆனால் செல்வரட்ணம் அங்கிள் எனக்குப் பின்னால் நின்றார், அப்பாவின் வயது மனிதர், அவரை நிற்க வைத்துவிட்டு நான் போய்ப் பேசினால் நாளைக்குப் பூசையில் எந்த முகத்தோடு அவரைப் பார்ப்பது, நீங்களாக இருந்தாலும் விட்டிருப்பீர்கள்தானே, அவரும் பாவம் எவ்வளவு ஆசையாக வந்தவர், எனக்கென்ன, ஆகஸ்டில் பார்க்கலாம்... ஒரு இடத்திலும் தடுமாறவில்லை, மூச்சுக்கூட வாங்கவில்லை, கடிகாரம் வைத்துப் பார்த்தால் அறுபது விநாடிக்குள் சரியாக முடிந்துவிடும். யோசேப் நம்புவார், நல்ல வளர்ப்பு என்றுகூட நினைப்பார். மேலே கதிரைகளை இழுக்கிற சத்தம் கேட்கிறது, மேசையைச் சுற்றி உட்காருகிறார்கள், இன்னும் அரை மணி நேரம் அவ அங்கேதான் இருப்பா. இந்தப் பேச்சை நான் எப்போது பாடமாக்கினேன்?