கார்க்கைப் பிடித்தபடி நின்ற மாப்பிள்ளை

திருமங்கலம் பக்கத்துக்கு மாறுதல் கிடைத்த செய்தி வந்தபோது ரோகிணி ராமநாதபுரத்துக் கிராமம் ஒன்றில் எருமைக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். அவள் கால்நடை மருத்துவர். கல்யாணமான நாளிலிருந்து வேலை அங்கேதான். வாரக் கடைசியில் மட்டும் திருநகர் வீட்டுக்கு வந்துபோவாள். கணவன் சாய்பிரசாத்துக்கோ கடலில் வேலை. சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு நாடு நாடாகப் போகும் கப்பலில் மது கலந்து கொடுக்கும் பார்மேன். ஆக, இவள் வரும்போது அவன் இருக்கமாட்டான், அவன் வரும்போது இவளுக்கு லீவு கிடைக்காது. இப்படியே ஓடியது மூன்று வருஷக் குடித்தனம்.

எருமையை விட்டுவிட்டு முதல் வேலையாக, விடுமுறையில் வந்திருந்த சாய்பிரசாத்துக்குப் போன் அடித்தாள்.

"சாய், ஆர்டர் வந்துருச்சு! இனிமே வீட்டுல இருந்தே போயிட்டு வரலாம்!"

"நெசமாவா? என்ன வேணும், சொல்லு. இன்னைக்கு நீ கேட்டதெல்லாம் உண்டு."

அவள் யோசிக்கவே இல்லை. "ஊரு ஒலகத்துல உள்ளவனுக்கெல்லாம் கலந்து குடுக்கிறேல்ல? எனக்கு ஒரு தடவையாச்சும் குடுத்திருக்கியா? அந்த நுரை பொங்குற வைன்ல பழச்சாறு விட்டு, போட்டோ அனுப்புவியே, அது வேணும்."

"வீட்டுக்குள்ள பாட்டிலா?" என்று இழுத்தான் அவன்.

"என்ன, எங்கப்பாவ நெனச்சுட்டியா?" என்றாள்.

"ஒங்கப்பாவத்தான் நெனச்சேன்" என்றான் அவன்.

ரோகிணியின் அப்பா கருத்தக்கண்ணன் டி. கல்லுப்பட்டிக்காரர். இளவயதில் அங்குள்ள காந்தி ஆசிரமத்துக்குப் போய் நூல் நூற்கக் கற்றவர். இன்றைக்கும் கதர்தான். ஊருக்குள் சாராயக்கடை வந்தபோது பெண்களைத் திரட்டிக்கொண்டு கடை வாசலிலேயே உட்கார்ந்து, அதை இடம்மாற்றிவிட்டுத்தான் எழுந்தார். மகள் ஒரு சௌராஷ்டிரப் பையனை விரும்புகிறாள் என்று தெரிந்தபோதுகூட அவர் பெரிதாகச் சண்டை போடவில்லை. "நெசவுக்காரக் குடும்பம், நல்ல மனுசங்க" என்று அவரே முன்னின்று பந்தல் போட்டார். மாப்பிள்ளைக்குக் கப்பலில் கேட்டரிங் வேலை என்றுதான் அவருக்குச் சொல்லியிருந்தார்கள். கல்யாணம் முடிந்தபிறகு யாரோ ஒரு புண்ணியவான், மாப்பிள்ளை பாட்டிலைத் தலைக்குமேல் சுழற்றிப் பிடிக்கும் வீடியோவை அவரிடம் காட்டிவிட்டான்.

"ஊத்திக் குடுக்கிற வீட்டுல நான் கை நனைக்க மாட்டேன்" என்றார். அன்றிலிருந்து அவர் திருநகர்ப் பக்கமே வந்ததில்லை. அம்மா சீனியம்மாள் மட்டும் வந்துபோவாள். மாமனார் மனதைப் புண்படுத்தக் கூடாதென்று சாய்பிரசாத்தும் வீட்டுக்குள் ஒரு பாட்டிலையும் கொண்டுவந்ததில்லை.

"அவருதான் வர்றதே இல்லையே. ஒரே ஒரு பாட்டில் சாய்" என்றாள் ரோகிணி.

மதுரை எலைட் மதுக்கடையில் கண்ணாடி அலமாரியின் மேல்தட்டில் அந்தப் பாட்டில் தூசி படிந்து நின்றது. எடுத்துக் கொடுத்த ஆள், "இத யாருமே கேக்க மாட்டாங்கண்ணே. நீங்க கேட்டதும் எனக்கே சந்தோசமா இருக்கு" என்று சொல்லி நியூஸ்பேப்பரில் சுற்றித் தந்தார். சாய்பிரசாத் அதைக் குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்து, ஆட்டோவில் கொண்டுவந்தான். ஆனால் திருப்பரங்குன்றம் சாலையின் பள்ளங்கள் அவன் கையில் இல்லை.

சனிக்கிழமை சாயங்காலம் ரோகிணி பெட்டி படுக்கையோடு வந்து சேர்ந்தாள். குளித்துவிட்டு வந்து சமையல்மேடையில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். தன் கணவன் வேலை செய்வதை அவள் பார்ப்பது அதுதான் முதல்முறை. ஜூஸ் கடையில் வாங்கிய ஐஸ்கட்டிகளை வாளியில் கொட்டி, கல் உப்பை அள்ளிப் போட்டு, பாட்டிலை அதற்குள் அமுக்கி வைத்திருந்தான். கல்யாணத்துக்கு வந்த உயரமான கண்ணாடி டம்ளர்கள் துடைத்துத் துடைத்துப் பளபளத்தன. ஒன்றில் வடிகட்டிய மாம்பழச்சாறு. இன்னொன்றில் நன்னாரி சர்பத்தும் எலுமிச்சையும்.

"பழச்சாறு அடியில. வைன் அதுக்கு மேல. கிளாஸச் சாய்ச்சுப் பிடிச்சு, ஓரமா மெதுவா விடணும். கரண்டியப் போட்டுக் கலக்குனா நுரை செத்துரும்" என்றான். பேசும்போதே குரல் மாறியிருந்தது. முதுகு நிமிர்ந்திருந்தது. ரோகிணிக்கு அவனைப் பார்க்கப் பார்க்கப் பெருமையாக இருந்தது.

பாட்டிலின் கழுத்தில் இருந்த கம்பியைப் பிரித்தான். உடனே முகம் மாறியது. கார்க்கு தானாகவே மேலே ஏற ஆரம்பித்தது. துண்டைப் போட்டுக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டான்.

"ஆட்டோவுல குலுங்கிருச்சு போல. கொஞ்ச நேரம் இப்படியே பிடிச்சாத்தான் அடங்கும்."

அந்த நேரம் பார்த்து அழைப்பு மணி அடித்தது. ரோகிணி போய்க் கதவைத் திறந்தாள். வாசலில் கருத்தக்கண்ணன், கையில் மாதுளம்பழப் பை, முகமெல்லாம் சிரிப்பு.

"மாறுதல் வந்துருச்சாமே தாயி! சேதி கேட்டதுக்கப்புறம் வீட்டுல இருப்புக் கொள்ளல. எம்புட்டு நாளைக்கு வைராக்கியம் பேசிக்கிட்டு இருக்கிறது? கெளம்பி வந்துட்டேன். ஒங்கம்மா பூ வாங்கிட்டு வாரா." பேசிக்கொண்டே நேராக அடுப்படிக்கு வந்துவிட்டார்.

சாய்பிரசாத் இரண்டு கையாலும் பாட்டிலைப் பிடித்தபடி நின்றான். வாய் மட்டும், "வாங்க மாமா" என்றது.

அவர் கைகூப்பினார். பதிலுக்குக் கைகூப்ப அவனால் முடியவில்லை. அவர் முகம் லேசாகச் சுருங்கியது.

"என்ன மாப்ள, மூணு வருசங் கழிச்சு வந்திருக்கேன். கும்பிடக் கூட மனசில்லையா?"

"மனசிருக்கு மாமா. கைய எடுத்தா வெடிச்சிரும்."

"வெடிச்சிருமா!" கருத்தக்கண்ணன் ஒரு எட்டு பின்னால் போனார். பிறகு மகளைத் தன் முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு, பையைக் கீழே வைத்தார். "பயப்படாதீங்க மாப்ள. நான் என்ன பண்ணணும்?"

"ஒண்ணும் வேணாம் மாமா, நீங்க அங்கிட்டு..."

"அடியப் பிடிக்கட்டுமா?" அனுமதிக்குக் காத்திராமல் பாட்டிலின் அடியை இறுகப் பிடித்துக்கொண்டார். மாமனார் கீழே பிடிக்க, மருமகன் மேலே கார்க்கை அணுவணுவாகத் திருப்பினான். கடைசியில் அது வெடிக்கவில்லை. தூக்கத்தில் ஒருவர் பெருமூச்சு விடுவதுபோல 'உஸ்' என்றது. வெள்ளை நுரை கழுத்தில் வழிந்து கருத்தக்கண்ணனின் கதர்ச் சட்டைக் கையை நனைத்தது.

"அப்பாடா" என்று அவர் சிரித்தார். கையை முகர்ந்து பார்த்தார். "என்னதிது, சோடாவா?"

சாய்பிரசாத் 'ஆமா' என்று சொல்லியிருக்கலாம். ரோகிணி கண்ணாலேயே கெஞ்சினாள்.

"இல்ல மாமா. வைன்" என்றான்.

கருத்தக்கண்ணன் கையைத் துண்டில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நான்தான்ப்பா கேட்டேன்" என்றாள் ரோகிணி. "இவுங்க வேணாம்னுதான் சொன்னாங்க. இம்புட்டு நாளு தனியாக் கெடந்து, இன்னைக்கு ஒரு சந்தோசம். அதுக்குத்தான் ஒரு கிளாஸ்."

அவர் மருமகன் பக்கம் திரும்பினார். "நீங்க குடிப்பீகளா மாப்ள?"

"வேலையில ருசி பாக்குறதோட சரி மாமா. இன்னைக்கு அவளோட ஒரு கிளாஸ் எடுத்துக்கலாம்னு இருந்தேன்."

அவர் மாதுளம்பழப் பையை எடுத்தார். கிளம்பிவிடுவார் என்று ரோகிணி பயந்தாள். அவர் அதை மேடைமேல் வைத்தார்.

"என்னயப் போல ஆளு ஒங்க கப்பலுக்கு வந்தா என்னத்தக் குடுப்பீக? பச்சத் தண்ணியா?"

சாய்பிரசாத்தின் முதுகு மறுபடியும் நிமிர்ந்தது. "உக்காருங்க மாமா."

மாதுளையைப் பிளந்து முத்துக்களை உதிர்த்துத் துணியில் பிழிந்தான். டம்ளரின் அடியில் சிவப்பாகச் சாறு. அதன்மேல் கொஞ்சம் நன்னாரி, எலுமிச்சை. சில்லென்ற சோடாவை ஓரமாக, மெதுவாக, வைனை விடும் அதே பதத்தில் விட்டான். நான்கைந்து முத்துக்கள் குமிழிகளோடு ஏறி ஏறி இறங்கின. அடியில் ஒரு துணியை வைத்து இரண்டு கையாலும் நீட்டினான்.

"குடிக்காதவங்களும் நெறையப் பேரு வருவாங்க மாமா. வெறும் தண்ணியக் குடுத்து அவங்கள மூலையில உக்கார வச்சிரக் கூடாது. அவங்களுக்கும் விசேசம்தான? ஒரே கிளாஸ், ஒரே மரியாத."

கருத்தக்கண்ணன் ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடினார். இன்னொரு வாய் குடித்தார்.

"நன்னாரி தூக்கலா இருக்கு" என்றார். டம்ளரைக் கீழே வைக்கவில்லை. அந்தத் தைரியத்தில் சாய்பிரசாத் மாம்பழச்சாற்றின் மேல் வைனை விட்டு ரோகிணியிடம் நீட்டினான்.

ரோகிணி முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். அப்போதுதான் சீனியம்மாள் மல்லிகைப் பூவோடு உள்ளே வந்தாள். புருஷன் மருமகன் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து சிவப்பாக எதையோ குடிப்பதைக் கண்டு வாசல்படியிலேயே நின்றுவிட்டாள்.

"ஏத்தா, ஒங்கப்பன் என்னத்தக் குடிக்கிறாரு?"

"அது மாதுளம்மா. இதுதான் வைன்" என்று ரோகிணி தன் மாம்பழ டம்ளரைக் காட்டினாள்.

"குடு, பாப்போம்." தடுப்பதற்குள் சீனியம்மாள் ஒரு மடக்குக் குடித்துவிட்டாள். மூக்கைச் சுருக்கினாள். "பதனி புளிச்சாப்புல இருக்கு." கொஞ்சம் யோசித்து, "இன்னுங் கொஞ்சம் விடுங்க மாப்ள" என்றாள்.

"ஏய் சீனி!" என்றார் கருத்தக்கண்ணன்.

"நீங்கதான கடை வாசல்ல உக்காந்தீக? எனக்கு அன்னைக்கு வீட்டுல அடுப்பு வேலை" என்றாள் அவள்.

கருத்தக்கண்ணனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. வீட்டில் அன்றைக்குக் கத்தரிக்காய்க் குழம்பும் அப்பளமும்தான். அவர் இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார். போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "அடுத்த வாரம் ஊருல எங்க மதுவிலக்குக் கூட்டம். வாரவங்களுக்கு வருசா வருசம் ஆறிப்போன டீதான் குடுக்கிறோம். நீங்க வந்து அந்த மாதுளையச் செஞ்சு குடுத்தா நல்லாருக்கும்" என்றார்.

"வாரேன் மாமா" என்றான் சாய்பிரசாத்.

கூட்டத்தன்று பந்தலின் ஓரத்தில் மேசை போட்டு, கப்பலில் போடுகிற கறுப்பு வெயிஸ்ட்கோட்டையே போட்டுக்கொண்டு நின்றான். பேச்சு தொடங்குமுன் வரிசை தெருமுனை வரை போய்விட்டது. கருத்தக்கண்ணனின் கூட்டாளி மலைச்சாமி மூன்றாவது டம்ளரை வாங்கிக்கொண்டு, "மாப்ள கப்பல்ல என்னப்பா வேலை பாக்குறாரு?" என்று கேட்டார்.

சாய்பிரசாத்தின் கை நின்றது. கருத்தக்கண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"பார்மேன்யா" என்றார், பக்கத்தில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படி. "குடிக்கிறவனுக்கு வைன் ஊத்துவாரு. ஒன்னய மாதிரி ஆளுக்கு இத ஊத்துவாரு. என்ன, ருசியில கொற இருக்கா?"

"யாரு கொற சொன்னா?" என்று மலைச்சாமி அடுத்ததற்கு டம்ளரை நீட்டினார்.

கூட்டம் கலைந்தபின் ரோகிணியும் அவனும் டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். சீனியம்மாள் மெதுவாகப் பக்கத்தில் வந்து, சுற்றும்முற்றும் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"அந்தப் பதனி மாதிரி இருந்துச்சே மாப்ள, அது மிச்சம் இருக்கா?"

"அன்னைக்கே தீந்துருச்சு அத்தே. இனி ஏதாச்சும் விசேசம் வரட்டும், வாங்கிருவோம்."

"விசேசமா?" என்றாள் சீனியம்மாள். "ஏன், நேத்து நம்ம செவலப் பசு கன்னு போட்டுச்சே, அது என்னவாம்?"