ஓரத்தில் நின்ற பிள்ளைகள்

அந்தப் படத்தை டிவியில் போட்டால், சமணர் மலைப் பாட்டு முடியும்வரை சீனியம்மாள் கண்ணுக்குத் தெரியமாட்டாள். அவனியாபுரத்தில் அவள் மாவு அரைத்து விற்கும் தெருவில் இது எல்லோருக்கும் தெரியும். வாங்க வந்தவர்கள், பாட்டு முடியட்டும் என்று பாத்திரத்தோடு வாசலில் நிற்பார்கள்.

காரணமும் ஊரறிந்ததுதான். சமணர் மலையடியில் இருக்கும் கீழக்குயில்குடியில் அவள் எட்டு வயதுப் பிள்ளையாக இருந்தபோது மெட்ராஸ் கம்பெனி ஒன்று கலரில், சினிமாஸ்கோப்பில் படமெடுக்க வந்தது. ஸ்கோப் திரை அகலமானது. கதாநாயகனும் நாயகியும் நடுவில் ஆடினால் இரண்டு பக்கமும் வெறிச்சென்று கிடக்கும். அதை நிரப்ப ஊர்ப் பிள்ளைகளைக் கூட்டி வந்து நிறுத்தினார்கள். சீனியம்மாள் இடது ஓரத்தில் நின்றாள். பிற்பாடு டிவிக்காரர்கள், பெட்டிக்குள் அடங்குவதற்காகப் படத்தின் இரண்டு ஓரத்தையும் வெட்டிவிட்டார்கள். கல்யாணமான புதிதில் அவள் முதல்முறை மறைந்தபோது, புருஷன் காசிமாயன் கிணற்றுக்குள்கூட எட்டிப் பார்த்தார். திரும்பத் தெரிந்தவள், "நான் எங்கிட்டும் போகல. ஓரத்துலதான் நின்னேன், ஒங்களுக்குத் தெரியல" என்றாள். அதிலிருந்து பாட்டு ஓடும்போதெல்லாம் அவர் அடுப்படி வாசலில் உட்கார்ந்து, அவள் இருந்த இடத்தைப் பார்த்து ஏதாவது பேசிக்கொண்டிருப்பார்.

போன வருஷம் அவள் நிறம் போகத் தொடங்கினாள். முதலில் நீலம் போனது, பிறகு பச்சை. எந்தச் சேலையும் அவள் உடம்பில் பட்டதும் செங்கல் நிறமானது, நரைமுடி ரோஸானது. ஆஸ்பத்திரியில் ரத்தம் சரியாக இருக்கிறது என்றார்கள். சென்னையில் பழைய படங்களைச் சரிசெய்யும் இடத்தில் வேலை பார்க்கும் மகள் ரோகிணிக்குத்தான் விளங்கியது. அந்தக் காலத்துக் கலர் பிலிம் இப்படித்தான் போகும். கடைசியில் சிவப்பு மட்டும் மிஞ்சும், அப்புறம் அதுவும் போய்விடும். அவள் அலைந்து திரிந்து படச்சுருளைக் கண்டுபிடித்தாள். அதைச் சரிசெய்யும் வேலைக்கு நடுவே ஒருநாள் போன் செய்தாள்.

"அம்மா, நீ கட்டியிருந்த பாவாடை என்ன கலரு?"

"கிளிப்பச்சை. அக்காவோடது."

"அப்ப ஒன் கையப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற புள்ள யாரு?"

சீனியம்மாள் போனைக் காசிமாயனிடம் கொடுத்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்தாள். அது அக்கா முருகம்மாள்; கம்பெனி வந்துபோன மறு வருஷமே மஞ்சள் காமாலையில் போனவள். ஒரு போட்டோகூடக் கிடையாது. அவள் முகம் மறந்துபோனதைச் சீனியம்மாள் யாரிடமும் சொன்னதில்லை.

பங்குனியில், ரோகிணி சரிசெய்த படத்தை டிவியில் ஓரம் வெட்டாமல், முழு அகலத்துக்கும் போட்டார்கள். பாட்டு தொடங்கியது. சீனியம்மாள் மறையவில்லை. சேலையில் பச்சை மெல்ல ஊறியது, தலைக்கு நரை திரும்பியது. வாசலில் பத்து வயது முருகம்மாள், காலெல்லாம் மலைப் புழுதியோடு நின்றாள்.

"என்னடி, இம்புட்டுப் பெருசாயிட்ட?"

"நீ வரலயேக்கா" என்றாள் சீனியம்மாள். "உக்காரு. தலை பூராம் சிக்கு."

பாட்டு முடியும்வரை வாரிவிட்டாள். ஒரு பக்கச் சடைதான் முடிந்தது.

இப்போது அந்தப் படம் அடிக்கடி வருகிறது. காசிமாயன் கருப்பட்டி மிட்டாய் வாங்கி வைத்துவிடுகிறார். அறுபது தாண்டிய மனிதர் ஒரு சிறு பிள்ளைக்கு எழுந்து நின்று "வாங்க மதினி" என்கிறாரே என்று தெருவில் யாரும் கேட்பதில்லை. பொண்டாட்டியின் அக்காவை வேறு எப்படிக் கூப்பிடுவது?