மூன்று மணி ஜெபம்

எங்கள் வீட்டுக்கும் தையல்காரம்மா வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். நான் காதை வைப்பதில்லை. அதுவாக வந்து விழும்.

அவள் புருஷன் ஆறு மாதமாகப் படுக்கையில். ஒரு பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. முதல் மாதம் சபையார் கூட்டமாக வந்தார்கள். அடுத்த மாதம் சபையின் பெரியவர், மூப்பர், மட்டும் வந்தார். "உங்க விசுவாசத்துல எங்கேயோ குறைம்மா, சரி பண்ணுங்க" என்று, ஏதோ மெஷினில் பெல்ட் தளர்ந்ததுபோலச் சொல்லிவிட்டுப் போனார். அத்தோடு அவள் சபைக்குப் போவதை விட்டாள்.

மிஞ்சியது போனில் ஒரு ஜெபக் குழு. முகம் பார்க்காத இருபத்து நாலு பேர். காலை ஆறு முதல் மாலை ஆறு வரை சங்கிலி ஜெபம், ஆளுக்கு அரை மணி. தன் முறை முடிந்ததும் 'முடித்தேன்' என்று போட வேண்டும். அதைப் பார்த்து அடுத்தவர் தொடங்குவார். இவளுடையது மூன்று மணி. சரியாக மெஷின் நிற்கும், "ஆண்டவரே" என்று குரல் எழும்.

கொஞ்ச நாளாக மூன்று மணிக்கும் மெஷின் ஓடியது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நானே ஒரு பொத்தானைப் பிய்த்துச் சட்டையோடு போனேன்.

"என்னக்கா, மணி மூணாச்சு, நிறுத்தலையா?"

"உனக்குத் தெரியாம இங்க ஊசிகூட விழாதே!" என்றாள். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டாள். "வார்த்தையே வரலடி. மூணு வாரமா ஜெபிக்காமலே முடிச்சேன்னு போடுறேன்."

"யாருக்குத் தெரியப்போவுது?"

"என்னை நம்பித்தானே அடுத்து ஒரு நர்ஸ் ஆரம்பிக்கிறா. சொன்னா குழுவுலேருந்து என்னை எடுத்துடுவாங்க. அந்தக் கயிறும் போச்சுன்னா ஆண்டவர் பக்கம் நான் திரும்பவே மாட்டேன்."

மூன்றரை ஆனது. 'முடித்தேன்' போடப்போகிறாள் என்று பார்த்தால், போனை வாயருகே வைத்துக் குழுவுக்கே பேசி அனுப்பினாள். "நான் இன்னைக்கு ஜெபிக்கல. மூணு வாரமா பொய்தான் போட்டேன். தண்ணி கேக்கக்கூட வாயில்லாம கிடக்காரு அவரு. எனக்கு ஆண்டவர் மேல கோவம். என் பேரை எடுத்துடுங்க."

"உனக்கென்ன பைத்தியமாக்கா?" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் பதில் வந்தது. ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார்: "போன வாரம் நான் தூங்கிட்டேன்மா. நானும் முடித்தேன்னுதான் போட்டேன்." அடுத்து ஒரு லாரி டிரைவர்: அரை மணியை அஞ்சு நிமிடத்தில் முடிக்கிறவராம். நல்ல சங்கிலிதான், பாதிக் கண்ணி ஓட்டை!

பிறகு அந்த நர்ஸ் கூப்பிட்டாள். "அக்கா, பேரையெல்லாம் எடுக்க முடியாது. நாளையிலேருந்து மூணு மணிக்கு நான் வீடியோவுல வர்றேன். நீங்க பாட்டுக்குத் தைங்க. நான் சும்மா கூட இருக்கேன்."

"ஜெபம்?"

"வந்தா வரட்டும்க்கா."

அன்றிலிருந்து நூல் டப்பாவில் சாய்ந்தபடி போன். இவள் தைப்பாள், அவள் துணி மடிப்பாள். ஒரு பேச்சு கிடையாது. எனக்குத்தான் உயிர் போனது.

ஒன்பதாம் நாள் மெஷின் நின்றது.

"நர்ஸம்மா, இருக்கியா?"

"இருக்கேன்க்கா."

"ஆண்டவரே, உமக்குக் கண்ணில்லையா?" என்று பிடித்தாள் பாருங்கள், முழுசாகக் கால்மணி நேரம். மூப்பரைக்கூட விடவில்லை. திட்டும் அழுகையுமாக ஓய்ந்தபோது போனிலிருந்து ஒரு "ஆமென்" வந்தது. வெறும் ஆமென் இல்லை; ஆண்டவரைக் கேட்கத் தன் பங்குக்கும் நாலு கேள்வி வைத்திருந்தவளின் ஆமென்.