அரை அடி இடப்பக்கம்

அண்ணனின் காதோரம் ஷேவிங் சோப்பு காய்ந்து ஒட்டியிருந்தது. வரிசையில் பின்னால் நின்ற தங்கை அதைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டாள். அவன் கூச்சத்தில் கழுத்தைச் சுருக்கிக்கொண்டான்.

மருத்துவமனைகளின் படுக்கை விரிப்புகளை வெளுக்கும் சலவைக்கூடம் அது. உள்ளே நீராவியின் வெக்கை தாங்காது. யாராவது மயங்கி விழுந்தால் பழி வரக்கூடாதென்று நிர்வாகம் வாசலில் ஒரு கேமராவைப் பொருத்தியிருந்தது. தரையில் மஞ்சள் வட்டம். அதில் நின்று அரை நிமிடம் பார்த்தால் போதும். கையில் பட்டை கட்டாமல், தொடாமல், முகத்தோலில் ரத்தம் ஓடுவதைப் பார்த்தே ரத்த அழுத்தத்தைச் சொல்லிவிடும். பச்சை விழுந்தால் தடுப்புக்கம்பி உயரும். சிவப்பு விழுந்தால் அன்றைக்கு வேலையில்லை. அண்ணனுக்கு முந்தைய இரண்டு நாளும் சிவப்பு. மூன்றாவது விழுந்தால் வேலையே போய்விடும்.

"என் மூஞ்சியப் பார்த்தா அதுக்கே பிரஷர் ஏறுது போல," என்றான். பின்மண்டையில் வலி இன்னும் விடவில்லை என்றும் சொன்னான்.

அங்கே எல்லோருக்கும் தெரிந்த வழி ஒன்று இருந்தது. வட்டத்திலிருந்து அரை அடி இடப்பக்கம் தள்ளி நின்றால், மேலே விட்டுவிட்டு எரியும் குழல்விளக்கின் வெளிச்சம் முகத்தில் விழும். கேமரா அந்தத் துடிப்பை ரத்தத்தின் துடிப்பென்று எடுத்துக்கொள்ளும். யார் நின்றாலும் நூற்றுப்பதினெட்டுக்கு எழுபத்தாறு. பச்சை.

அண்ணனுக்கு அதில் மனமில்லை. சிவப்பு விழுந்தால் விழட்டும், டாக்டரிடம் போகிறேன் என்றான்.

"வேலை போனப்புறம் டாக்டருக்கு எதைக் குடுப்ப? தள்ளி நில்லுண்ணா."

அவன் தள்ளி நின்றான். கம்பி உயர்ந்தது.

பத்தரை மணிக்கு ஒரு விரிப்பின் இரண்டு முனைகளை அவனும் மற்ற இரண்டை அவளும் பிடித்து மடித்துக்கொண்டிருந்தார்கள். அவன் பக்கம் துணி தொய்ந்தது. விளையாடுகிறான் என்று நினைத்து அவள் வெடுக்கென்று இழுத்தாள். விரிப்பு முழுதும் அவள் கைக்கு வந்துவிட்டது.

அண்ணன் செத்த எட்டாம் நாள் மேலாளர் அவளை அழைத்து ஒரு தாளைக் காட்டினார். காலையில் அழுத்தம் சரியாக இருந்திருக்கிறது, சாவுக்கும் வேலைக்கும் சம்பந்தமில்லை, அதனால் நிறுவனம் எதுவும் தருவதற்கில்லை என்றார். உண்மையைச் சொன்னால் வரிசையில் நிற்கும் அத்தனை பேரின் பிழைப்பும் போகும். தள்ளி நிற்கச் சொன்னது அவள்தான் என்பதும் வெளியே வரும்.

மறுநாள் அவள் உட்பட எல்லோரும் உள்ளே வந்த பிறகு, லாரியில் வந்த விரிப்புகளை எடுத்துவர அவளை வெளியே அனுப்பினார்கள். பின்வாசல் பூட்டியிருந்தது. தள்ளுவண்டியை முன்வாசலுக்கே கொண்டுவந்தாள். சக்கரம் இடப்பக்கமாக இழுத்து, வண்டி தடுப்புக்கம்பிக்கு முன்னால் வட்டத்திலிருந்து அரை அடி தள்ளி, குழல்விளக்கின் கீழே போய் நின்றது. மேலே கசங்கிக் கிடந்த விரிப்பில் இரண்டு குழிகள், நடுவில் ஒரு மேடு, கீழே கிடையாக ஒரு மடிப்பு. கேமராவின் திரையில், முகங்களைச் சுற்றி விழும் கட்டம் அதைச் சுற்றி விழுந்தது. அவள் வண்டிக்குப் பின்னால் குனிந்தபடியே அசையாமல் நின்றாள். அரை நிமிடம் கழிந்தது. நூற்றுப்பதினெட்டுக்கு எழுபத்தாறு. கம்பி உயர்ந்தது.

மேற்பார்வையாளரைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினாள்.

"பாருங்க சார். துணிக்கும் அதேதான் வருது. எங்கண்ணனுக்கு வந்த அதே அளவு."

அவர் திரையைப் பார்த்தார். விரிப்பையும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"துவைச்சதா, துவைக்கணுமா?"

"துவைக்கணும்."

"அப்ப உள்ள தள்ளும்மா. கம்பி இறங்கிடப் போகுது."

அவள் தள்ளினாள். உள்சுவரில் வேலைக்கு வந்தவர்களை எண்ணிக் காட்டும் பலகை நாற்பத்தொன்றிலிருந்து நாற்பத்திரண்டுக்கு மாறியது. அண்ணன் இருந்தபோதும் நாற்பத்திரண்டுதான்.