துரியோதனன் கன்னத்தில் வெற்றிலை

எங்கள் ஊரின் சரித்திரத்தை யாராவது கேட்டால், நான் கோயிலைக் காட்டமாட்டேன். ஏரிக்குள் இருக்கும் மண்பள்ளத்தைத்தான் காட்டுவேன். உத்திரமேரூரிலிருந்து பெருநகர் போகிற பஸ் ஏரிக்கரையில் இறக்கிவிடுமே, அங்கே நின்று பார்த்தாலே தெரியும். ஊரில் சோறு வடித்த சட்டி, நெல் கொட்டிய குதிர், ஐயனாருக்கு நின்ற குதிரை, செத்தவனுக்கு முன்னால் போன கொள்ளிச் சட்டி எல்லாமே அந்தப் பள்ளத்து மண். குயவர் வீட்டுக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக வெட்டி வெட்டி உண்டான பள்ளம் அது. மண்ணெடுக்க யாரிடமும் அனுமதி கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று முதன்முதலாகச் சொன்னவர் கிருஷ்ணசாமி.

அவர் திரௌபதி அம்மன் கோயிலுக்குத் தர்மகர்த்தா. ஏரியை ஒட்டி அவருக்கு நிலம். எழுபத்தேழாம் வருஷம் ஏரி வறண்டது. அதுதான் சமயமென்று பள்ளத்தைச் சுற்றி முள்வேலி போட்டு, ஓரத்தில் வேர்க்கடலையும் விதைத்துவிட்டார். என் புருஷன் சடையப்பன் கூடையோடு போய், வேலியைச் சுற்றிப் பார்த்துவிட்டு வெறும் கூடையோடு திரும்பி வந்தார். எனக்கு அப்படித் திரும்பத் தெரியாது. மறுநாள் காலையில் முள்ளை ஒதுக்கிக்கொண்டு உள்ளே இறங்கி வெட்டினேன். பாதிக் கூடை நிறைவதற்குள் கிருஷ்ணசாமியே வந்து நின்றார்.

"யாரைக் கேட்டுக்கினு உள்ள வந்தே, சட்டிக்காரி?"

"யாரைக் கேக்கணும்? எங்க மாமனாரு வெட்டின பள்ளம் இது. நீ வேலி போட்டா உன்னுதாயிடுமா?"

'நீ' என்று சொல்லிவிட்டேன். அவ்வளவுதான். என் கொண்டையைப் பிடித்துப் பள்ளத்திலிருந்து கரைவரைக்கும் இழுத்துக்கொண்டு வந்தார். கரையில் பஸ் நின்றிருந்தது. ஜன்னலோரத்தில் இருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். இறங்கி வந்து ஒரு வார்த்தை கேட்க ஆளில்லை. வேடிக்கை முடிந்ததும் பஸ் கிளம்பிப் போய்விட்டது.

சாயங்காலம் கோயில் வாசலில் பஞ்சாயத்து கூட்டினார்கள். என் முடியைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. நான் சொன்ன 'நீ'யைப் பற்றித்தான் பேச்சு. சடையப்பன் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு தலைகுனிந்து நின்றார். என்னைக் கிருஷ்ணசாமி காலில் விழச் சொன்னார்கள். விழுந்தேன்.

தரையில் கிடந்தபடியே நிமிர்ந்து பார்த்தேன். காலடியிலிருந்து பார்த்தால் ஒரு மனிதனின் முகம் வேறு மாதிரி இருக்கும். முதலில் மூக்குத் துவாரம் தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் புளியங்கொட்டை மாதிரி ஒரு மரு. இடது கன்னம் வெற்றிலையை அடக்கி உப்பியிருந்தது.

"எந்திரி. போயி ஒழுங்கா சட்டி பண்ற வேலையப் பாரு" என்றார். சொல்லும்போது அந்த உப்பல் ஒருமுறை அசைந்தது.

வீட்டுக்கு வரும் வழியில் சடையப்பன் சொன்னார்: "வுடு எல்லம்மா. இந்த ஊர்லதான நாம இருந்தாவணும்?"

"நானும் இங்கதான் இருப்பேன். அந்தாளும் இங்கதான இருப்பாரு?" என்றேன்.

அப்புறம் தூரத்திலிருந்து மண் கொண்டுவந்து வனைந்தோம். அந்த மண் சொன்னபடி கேட்கவில்லை. சூளையிலேயே பாதி வெடித்தது. "இன்னா எல்லம்மா, உங்க வூட்டுச் சட்டி குழம்ப எலைக்கு ஊத்துறத விட அடுப்புக்குத்தான் நெறைய ஊத்துது" என்று பெண்கள் கேலி பேசினார்கள். ஒவ்வொரு கேலிக்கும் அந்த உப்பிய கன்னத்தை நினைத்துக்கொண்டேன். மறந்துவிடக் கூடாதே.

அடுத்த வருஷம் அம்மனுக்குப் பாரதத் திருவிழா வைப்பதென்று ஊர் முடிவு செய்தது. கிருஷ்ணசாமி காப்புக் கட்டிக்கொண்டார். காப்புக் கட்டியவர் திருவிழா முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. கடைசி நாள் படுகளத்தில், அதாவது பாரதப் போரின் முடிவைக் கூத்தாக நடத்துகிற களத்தில், துரியோதனன் செத்து அம்மன் கூந்தல் முடிகிறவரைக்கும் நாற்காலியை விட்டு எழுந்து போகவும் கூடாது. இன்னொரு வழக்கமும் உண்டு. படுகளத்தில் மல்லாந்து கிடக்கிற பெரிய துரியோதனன் பொம்மையை ஏரிப் பள்ளத்து மண்ணில்தான் செய்ய வேண்டும்.

அதனால் அவர் போட்ட வேலியை அவர் ஆளே பிரித்தான். அவர் மாட்டுவண்டியே மண் கொண்டுவந்து கொட்டியது.

"போதுமா எல்லம்மா?" என்று வண்டிக்காரன் கேட்டான்.

"இன்னொரு வண்டி போட்டுக்கினு வா. தலை பெருசா வரணும்."

விடிந்ததிலிருந்து வேலை. சடையப்பன் காலிலிருந்து ஆரம்பித்தார். தொடைக்குள் சிவப்புத் தண்ணீர்ப் பானையைப் புதைத்தார். நான் தலைமாட்டில் உட்கார்ந்தேன். கன்னத்துக்கு நான் மேலும் மேலும் மண் அப்புவதைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"வாணாண்டி. ஊர விட்டே தொரத்திடுவாங்கோ."

"நீ காலைப் பாரு. மூஞ்சி என் பொறுப்பு."

மூக்கோரத்தில் ஒரு புளியங்கொட்டையை அழுத்தினேன். வண்ணம் பூசினோம். மறுநாள் காலையில் பூசாரி வேதகிரி வந்து பொம்மைக்குக் கண் திறந்து கற்பூரம் காட்டினார். அவருக்குப் பார்வை கொஞ்சம் மங்கல். எனக்கு அது போதும்.

சனம் கூடியபிறகு கிருஷ்ணசாமி குடையோடு வந்தார். காலடிப் பக்கம்தான் தர்மகர்த்தா நாற்காலி. உட்கார்ந்து நிமிர்ந்தவர், வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினார்.

"இன்னாடி இது?"

"துரியோதனன்ங்க."

"மூஞ்சிய மாத்து. இப்பவே மாத்து!"

"கற்பூரம் காட்டியாச்சேங்க. பீமன் அடிக்கிற வரைக்கும் ஒருத்தரும் தொடக்கூடாதே. பூசாரியக் கேளுங்க."

வேதகிரி கிட்டே குனிந்து பார்த்தார், கிருஷ்ணசாமியைப் பார்த்தார், பிறகு தன் கையிலிருந்த தட்டைப் பார்த்தார். "ஆமாங்க. தொடக்கூடாதுங்க" என்றார்.

கிருஷ்ணசாமியின் கை தானாகக் காப்பைத் தடவியது. எழுந்து போக முடியாது.

அப்போதுதான் கூத்துக் கட்டியக்காரன் கோமாளிக் குல்லாவோடு துள்ளி வந்தான். வெளியூர்க்காரன். அவனுக்கு யாரையும் தெரியாது. பொம்மையைச் சுற்றி ஓடித் தலைமாட்டில் நின்றான்.

"அடேங்கப்பா! சாவப்போற நேரத்துலகூட ராசா வெத்தலை போட்டுக்கினுகீறாரே! கொஞ்சம் துப்பிட்டுச் சாவக்கூடாதா நைனா?"

முதலில் ஒரு கிழவி சிரித்தாள். பிறகு ஒவ்வொருவராகப் பொம்மையின் கன்னத்தைப் பார்த்து, நாற்காலியில் இருந்த கன்னத்தைப் பார்த்தார்கள். சிரிப்பு களம் முழுக்கப் பரவியது. அன்று பஸ் ஜன்னலில் எட்டிப் பார்த்த அதே ஆட்கள்தான். இப்போதும் யாரும் தடுக்கவில்லை. கிருஷ்ணசாமி வெற்றிலையைத் துப்பினால் ஊர் பார்க்கும்; துப்பாமல் வைத்திருந்தாலும் பார்க்கும். விழுங்கிவிட்டார்.

பீமன் தொடையில் அடித்தான். சிவப்புத் தண்ணீர் பீறிட்டது. அம்மன் வேஷக்காரர் அதைத் தொட்டுக் கூந்தல் முடிந்தார். அதன்பின் வழக்கப்படி பெண்கள் துடைப்பத்தோடு வந்து பொம்மையை அடித்தார்கள். தர்மகர்த்தா பெண்டாட்டி கோவிந்தம்மாள் முதல் அடி அடிக்க வேண்டும். அந்தம்மா தலை நிமிரவேயில்லை. ஆனால் விழுந்த அடி ஒவ்வொன்றும் கன்னத்திலேயே விழுந்தது. அந்த வீட்டுக்குள் என்ன இருந்ததோ, எனக்கென்ன தெரியும்!

கடைசியில் குதிரில் போட்டால் நெல் பெருகுமென்று ஆளாளுக்கு மண்ணை அள்ளினார்கள். மார்பு, கை, கால் எல்லாம் போனது. தலையை யாரும் தொடவில்லை. அது குயவர் பங்கு. கன்னத்தை மட்டும் பெயர்த்து மடியில் கட்டிக்கொண்டேன்.

அதற்கப்புறம் அவர் வெற்றிலை போட்டு யாரும் பார்க்கவில்லை. தெருவில் அவர் வந்தால், "ஓரம் போங்கடி, படுகளம் வருது" என்று பெண்கள் முணுமுணுப்பார்கள். பிரித்த வேலியை அவர் திரும்பக் கட்டவில்லை. நாங்கள் பழையபடி பள்ளத்து மண்ணை எடுத்தோம்.

இதோடு விட்டிருக்கலாம் என்பார் சடையப்பன். நான் விடவில்லை. அந்தக் கன்னத்து மண்ணை ஊறவைத்து, மிதித்து, ஒரு சட்டி வனைந்தேன். சுட்டெடுத்துப் பரண்மேல் வைத்தேன்.

"யாருக்குடி அது?"

"ஆர்டர் கீது" என்றேன்.

சில வருஷம் பரண்மேலேயே இருந்தது. கிருஷ்ணசாமி தெருவில் போகும்போதெல்லாம் ஒருமுறை அண்ணாந்து பார்த்துக்கொள்வேன். ஒரு மார்கழிக் காலையில் அவர் மகன் ராஜாராம் ஈரத் தலையோடு எங்கள் வாசலில் வந்து நின்றான்.

"அப்பா போயிட்டாருக்கா. கொள்ளிச் சட்டி வோணும். உடனே ஆவுமா?"

பரணிலிருந்து இறக்கி, ஒட்டடையைத் தட்டி, அவன் கையில் கொடுத்தேன்.

"எடுத்துக்கினு போ நைனா. உங்கப்பாவுக்குன்னு அப்பவே செஞ்சு வெச்சதுதான்."