பாதி பவர் காட்டிய மீட்டர்

1

இந்தக் கதை சாப்பாட்டு மேசைச் சண்டையில் பிறந்தது. என் மகனும் மருமகளும் ஒரே சோதனைக்கூடத்தில் வேலை செய்கிறார்கள். கப்பல் ரேடார் வெளியே விடும் அலையின் பவரை அளந்து சான்றிதழ் கொடுக்கிற இடம். அங்கே நடந்த ஒரு தப்பு யாருடையது என்று நான் எழுதித் தீர்க்க வேண்டுமாம். நான் ஆறாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். என்னை நம்பாதீர்கள். நானும் உங்களை நம்பவில்லை. நீங்கள் பாதியில் எழுந்து போகிற ஆட்கள்.

2

'கடலை மூடுபனி போர்த்தியிருந்த அந்தக் காலையில்...'

வேண்டாம். நான் கடலைப் பார்க்கவில்லை. பார்த்தது சோதனைக்கூடத்து பெஞ்சு ஒன்றை. மருமகள் மறந்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியைக் கொடுக்கப் போனவன் அதில் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு கப்பல் கேப்டன், நகத்தைக் கடித்துக்கொண்டு. அவருடைய ரேடார் தேறினால் மாலையில் கப்பல் கிளம்பும். தேறாவிட்டால் ரேடார் செய்தவர்களிடமே திரும்பும், கப்பல் ஒரு மாதம் கரையில் கிடக்கும். மருமகள் தனியாகக் கையெழுத்துப் போடப்போகும் முதல் சான்றிதழும் அதுதான்.

மீட்டர் பாதி பவர்தான் காட்டியது.

3

(கொஞ்சம் விளக்கம், பொறுத்துக்கொள்ளுங்கள். ரேடார் அலையை விட்டு விட்டுத்தான் விடும். ஒரு துடிப்பு, பிறகு நெடுநேரம் சும்மா. அங்கிருந்த பழைய சென்சாருக்குச் சராசரிதான் தெரியும். மொத்த நேரத்தில் எத்தனை பங்கு அலை வருகிறது என்று நாம் சொல்லிக் கொடுத்தால், மீட்டர் வகுத்துப் பார்த்துத் துடிப்பின் பவரைச் சொல்லும். எனக்குப் புரியவில்லை என்றேன். மருமகள் சொன்னாள்: "மாமா, நீங்க நாள் பூரா வாயே திறக்க மாட்டீங்க. திடீர்னு ஒரு கத்து கத்துவீங்க. சராசரி பார்த்தா வீட்லயே நீங்கதான் சாது." கேப்டன் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.)

4

இங்கே நானே தப்பைக் கண்டுபிடித்ததாக எழுதக் கை அரிக்கிறது. கிழவன் மீட்டரை ஒரு பார்வை பார்த்தான், உடனே...

அடித்துவிட்டேன். நான் அப்போது தூங்கிக்கொண்டிருந்தேன்.

கண்டுபிடித்தது அவள்தான். 'தேறவில்லை' என்று எழுதப் பேனாவைத் திறந்தவள், மீட்டர் மேலேயே சந்தேகம் வந்து, மூடி வைத்துவிட்டு மேலாளரிடம் போனாள். அவர் அலமாரியில் பூட்டி வைத்திருந்த புது சென்சாரைக் கேட்டாள். அது ஒவ்வொரு துடிப்பையும் தனியாகப் பார்க்கக்கூடியது. விலை அதிகம், கருகினால் யார் பதில் சொல்வது என்றார் அவர்.

"ஒரு கப்பல் நிக்குது சார். கருகினா நான் பதில் சொல்றேன்."

முதல் பிரதியில் இவளைப் பயந்த சுபாவம் என்று எழுதியிருந்தேன். அதையும் அடிக்க வேண்டியதாயிற்று.

மாட்டியதும் திரையில் ஒரு துடிப்பு சுவர் மாதிரி நிமிர்ந்து நின்றது. முழு பவர். பழைய மீட்டரில் முந்தின ரேடாருக்குச் சொன்ன பங்கு அழியாமல் கிடந்திருக்கிறது. இந்த ரேடாருக்குச் சொல்ல வேண்டியதைப் போல இரண்டு மடங்கு. அதனால்தான் பாதியாகக் காட்டியது.

மருமகள் கையெழுத்துப் போட்டாள். கப்பல் கிளம்பியது.

முந்தின ரேடாரை அளந்தவன் என் மகன்.

5

"அளக்க வர்றவதானே முதல்ல பார்க்கணும்" என்கிறான் அவன்.

"அளந்து முடிச்சவர்தான் அழிச்சிட்டுப் போகணும்" என்கிறாள் அவள்.

இரண்டு பேரும் என் முதுகுக்குப் பின்னால் நின்று எட்டி எட்டிப் படிக்கிறார்கள். ஒரு கத்து கத்தினேன். நகர்ந்துவிட்டார்கள். இவர்களோடு ஒரே வீட்டில் இருக்க வேண்டியவன் நான். தீர்ப்பை நீங்கள் எழுதுங்கள். இடம் விட்டிருக்கிறேன்:

தப்பு ............ மேல்தான்.

எழுதும் முன், உங்களுக்கு முன்னால் படித்தவர் எதையாவது நிரப்பிவிட்டுப் போயிருக்கிறாரா என்று பாருங்கள். இருந்தால் அழித்துவிட்டு எழுதுங்கள்.